ஐந்நூறு கலோரி

கிடங்கு கேன்டீனில் மோனிஷா தினமும் தின்ற ஏழு இட்லியும் மதியச் சோறும், பெட்டி தூக்கியதில் செலவான சக்தியும் கம்பெனி மாட்டிவிட்ட கைப்பட்டையில் பதிவாகியிருந்தன. தின்றதில் மிச்சம் இருந்தும் எடை ஏறவில்லை; கணக்குதான் உதைத்தது.

“தினம் ஐந்நூறு கலோரி காணோம். எங்க போகுதும்மா?” என்றார் சூப்பர்வைசர் எட்வின்.

“தூக்கமில்ல சார். புரண்டு புரண்டு படுக்கிறேன்.”

“புரண்டா அம்பதுகூட போகாது. வேற எங்கயாவது வேலைக்குப் போறியா?”

“சத்தியமா இல்ல சார்.”

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அந்தக் கிடங்கில் வேலை கிடையாது. குழந்தையே இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்திருந்தாள். மணி பன்னிரண்டு. அக்கா வீட்டில் அது பசித்து அழும் நேரம். நிற்கமுடியாமல் கால்மாற்றி நின்றாள்.

வெளியே சாலையில் யாருடைய குழந்தையோ வீறிட்டது. மோனிஷா சட்டென்று இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். நீலச் சீருடை அதற்குள் இரண்டு இடத்தில் நனைந்துவிட்டிருந்தது.