கைமணம்

ரகசிய இணையச் சந்தையில் பிட்காயின் கட்டி, முகம் தெரியாத வியாபாரி சொன்ன பூங்கா பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த கஞ்சாப் பொட்டலத்தைப் பிரித்ததும் எவாரிஸ்தோ குதித்தான்.

"வெறும் மாத்தே தூள்! ஊரே டீ மாதிரி குடிக்கிறத எனக்குக் கஞ்சான்னு வித்திருக்கான், களவாணிப் பய!"

"விடு, வெந்நீ ஊத்திக் குடி," என்றாள் மனைவி நொயேலியா.

"விடுறதா? ஒத்த ஸ்டார் போட்டு நாறடிக்கிறேன் பாரு!"

"ஐயோ வேணாம்டா. பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கும்."

வெந்நீர் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினான். ஆரஞ்சுத் தோல் மணத்தது. கூடவே கிராம்பு. கோர்தோபா நகரம் முழுக்கத் தேடினாலும் மாத்தேயில் கிராம்பை இடித்துப் போடுகிற கை ஒன்றுதான்.

மெல்ல நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"வாங்குறது நீதான்னு தெரிஞ்சிருந்தா," என்றாள் நொயேலியா, "கிராம்பு போட்டிருக்கவே மாட்டேன்டா!"