தாடிக்கு உறை

"சார், தாடிக்கு உறை போட்டுட்டு உள்ள வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

மருந்துக் கம்பெனி ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவள், தலைமை வேதியியலாளரையே அதட்டினாள். அவர் தாடியோ, கோழி அடைகாக்கலாம் போல அத்தனை அடர்த்தி.

"மறந்துட்டேம்மா" என்று இளித்தார் தாடிக்காரர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புது மருந்தை இன்றைக்குப் படிகமாக்கிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். யாரும் அவளுக்கு உதவக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, டைரக்டர் மேடம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

சூடாக்கிக் கரைத்தாயிற்று. ஆறும்போது மருந்து மட்டும் படிகமாகும், அழுக்கு திரவத்திலேயே தங்கிவிடும். முதல் படிகம் ஒன்று வந்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வந்துவிடும். அந்த முதல் ஆள்தான் வரமாட்டேன் என்றது.

குடுவையைப் பனிக்கட்டியில் வைத்தாள். கண்ணாடிக் கோலால் உள்ளே சுரண்டினாள். கெஞ்சியும் பார்த்தாள். ம்ஹூம்!

"என்னம்மா, பச்சைத் தண்ணியாட்டம் நிக்குது?" மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடடா!" என்று எட்டிப் பார்த்த தாடிக்காரர், குடுவைக்கு நேர் மேலே தாடியைப் பரபரவென்று சொறிந்தார்.

"ஐயோ சார்! பொடுகு விழுது!"

உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. அதிலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பி, கண்மூடித் திறப்பதற்குள் குடுவை முழுக்க வெள்ளைவெளேர்!

அவள் குதித்தாள். மேடமும் வயதை மறந்து குதித்தார். வடிகட்டிச் சோதித்தால், மருந்து சொக்கத் தங்கம். வேலை நிரந்தரம்!

ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. ஓர் உறையை எடுத்துக்கொண்டு தாடிக்காரர் அறைக்குள் புகுந்தாள்.

"உங்க பொடுகால என் வேலையே போயிருக்கும் சார்! மொதல்ல இத மாட்டுங்க!"

அவர் தாடியைச் சீவிக்கொண்டிருந்தார். மேசையில் வெள்ளைத் துகள் உதிர்ந்தது. பக்கத்தில், நேற்று ஒத்திகை பார்த்துவிட்டு அவள் கழுவப் போட்டிருந்த கிண்ணம். விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த மருந்து சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள்.

"பொடுகா? எல்லாம் நீ பண்ண படிகந்தாம்மா. என் தாடி சும்மா வண்டி ஓட்டுச்சு!"