சார் பார்க்க வேண்டுமாம்

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஆபீஸோடு வீடியோவில் பேசும்போது அட்டை தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியாக இருந்தாலும் விதி விதிதான்.

அப்பாவின் கட்டிலோரம் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

திரையில் ஹரிபிரசாத் சார். அவளுடைய கம்பெனியில் மக்கள் மகிழ்ச்சித் துறையின் தலைவர். போன வருடம் வரை அதற்குப் பெயர் பர்சனல் டிபார்ட்மென்ட். பெயர் மாறிய அன்று ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.

"நம்பிக்கை இல்லாம இல்லம்மா. அப்பாவை ஒரு தடவை பார்த்துட்டா எனக்கும் மனசு நிம்மதி."

அவள் கேட்டது ஒரு வாரம் லீவு. விடிந்தால் அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அம்மாவால் வீட்டுப் படி இறங்க முடியாது. வேறு ஆள் கிடையாது.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை நேற்றே அனுப்பியிருந்தாள். காகிதத்தை யார் வேண்டுமானாலும் தயார் பண்ணலாமாம்.

போனைத் திருப்பினாள்.

"அப்பா, எங்க ஆபீஸ் சார்."

சார் என்ற சொல் போதுமானதாக இருந்தது.

காலையிலிருந்து தலையணையை விட்டுத் தலை தூக்காதவர் எழுந்து உட்கார்ந்தார். முடியைக் கையாலேயே படிய வைத்தார்.

பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அதிகாரியைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்கு இறங்கிவிடும். இவள் பிறந்த அன்றுகூட ஷிப்டுக்குப் போனதைப் பெருமையாகச் சொல்வார்.

இப்போது தோளில் துண்டு இல்லை.

மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார். போர்வைக்கடியில் மறைத்தார்.

அவள் கை நீட்டுவதற்குள் கும்பிட்டும் விட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார். ஜம்முனு இருக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?"

பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார். பெரிய மனிதர் எதிரில் இரைக்கக் கூடாது.

சார் மகிழ்ந்தார். அவர் துறையே அதுதானே.

அவள் சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு கையால் குழாயைத் தேடி அப்பாவின் மூக்கில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய்ச் சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்தாள்.

"சார், அவர் உங்களைப் பார்த்துத்தான் குழாயைக் கழட்டினார்."

"பெரியவரே சொல்றாரும்மா. அவர் உடம்பு அவருக்குத் தெரியாதா? நாளைக்கு டியூட்டிக்கு வந்துடுங்க. வராட்டி வேற ஆள் போட்டுக்க வேண்டியதாயிடும். கோபமா சொல்லலை. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

சார் போனை வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

"குடுத்துட்டாரா அம்மிணி?"

"குடுத்துட்டாருப்பா."

"எத்தனை நாளு?"

குழாய் மறுபடி நழுவியது. கட்டி வைக்க எதுவும் கையில் அகப்படவில்லை.

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். அதன் நாடா நெடுகிலும் 'ஒரே குடும்பம்', 'ஒரே குடும்பம்' என்று அச்சடித்திருந்தது. அதைக் கொண்டு குழாயைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு.

"நீங்க எந்திரிச்சு நடக்கற வரைக்கும்."

அப்பா தலையணையில் சாய்ந்தார். மூச்சு மெல்ல அடங்கியது. முகத்தில் ஒரு தெளிச்சி.

"உங்கம்மாளுக்குப் போனைப் போட்டுச் சொல்லீரு. நாந்தான் பேசி வாங்கிக் குடுத்தேன்னு."