யூனிட்காரர்

தினம் இரண்டு வேளை பெண்டாட்டிக்குப் போன் போடுகிற ஆளை யாராவது குறை சொல்ல முடியுமா? அந்த அறையில் இருந்த யாரும் சொல்லவில்லை.

"நானெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை பேசறதோட சரி. அண்ணனைப் பார்த்துக் கத்துக்கணும்" என்பார் எதிர்க்கட்டில் வெல்டர்.

அண்ணன் என்றால் கிரேன் ஓட்டுபவர். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கடல் தாண்டி வேலைக்கு வந்தவர். கிளம்புவதற்கு முன்னால் வீட்டு மெயின் போர்டில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டு வந்திருந்தார். அங்கே எது ஓடினாலும் இங்கே அவர் செல்போனில் கோடாக ஏறும். கோட்டைப் பார்த்தே இது மிக்ஸி, இது அயர்ன் பாக்ஸ் என்று சொல்லிவிடுவார். அறையில் அவருக்கு யூனிட்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் பெருமைதான்.

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. ஒருத்தி இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் போதும் என்று மனசுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார். அதைத் தாண்டினால் உடனே போன்.

"மத்தியானத்துல ஹீட்டர் ஓடியிருக்கே, எதுக்கு?"

"வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேங்க. வயித்துல ஒரே..."

"அதுக்கு ஹீட்டரா? அடுப்புல வைக்க வேண்டியதுதானே? நேத்தும் ஓடியிருக்கு. அதுக்கு முந்தின நாளும் ஓடியிருக்கு. இங்க உட்கார்ந்திருக்கறவனுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சியா?"

"அப்படியில்லீங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு..."

"முதல்ல இதைச் சொல்லு. தூங்கற நேரத்துல லைட் எரிஞ்சிருக்கு. யாரு அங்க விருந்தாளி?"

"தூக்கம் வரலைங்க."

"தூக்கம் வரலைன்னா இருட்டுல உட்காரு. இருட்டு ஒண்ணும் கடிச்சுடாது."

போனை வைத்துவிட்டு வெல்டரைப் பார்த்துச் சிரித்தார். "விட்டுப் பிடிக்கணும்னு சொல்லுவாங்க. நான் விடறதே இல்லை."

வெல்டரும் சிரித்துவைத்தார். கண்டிப்பான மனுஷன்தான், ஆனாலும் வீட்டு நினைப்பாகவே இருக்கிறாரே என்று அவருக்கு மரியாதை.

அடுத்த வாரமே கோடு இறங்க ஆரம்பித்தது. முதலில் ஹீட்டர் போயிற்று. அப்புறம் வாஷிங் மெஷின். ஒருநாள் காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜின் கோட்டையும் காணோம். யூனிட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை மேஜையாகப் போய்ப் போனைக் காட்டினார்.

"பார்த்தீங்களா? பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்துட்டேன்."

பேசுவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு வேளையும் போன் போயிற்று. அவள் இப்போதெல்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. "சரிங்க", "ம்", அவ்வளவுதான். கரண்ட்டோடு சேர்த்துப் பேச்சிலும் சிக்கனம் வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

விடுமுறை நாள் ஒன்றில், நாலு பேர் முன்னால் அவளைப் பாராட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அறையிலிருந்தவர்களை உட்காரச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஃபிரிட்ஜைக்கூட நிறுத்திட்டியா? பரவாயில்லையே, உனக்கும் பொறுப்பு வந்துடுச்சு."

"ம்."

"பசங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. எப்படிச் சமாளிக்கறேன்னு நாலு வார்த்தை சொல்லு. அவங்கவங்க வீட்டுல போய்ச் சொல்லட்டும்."

அவளுக்குப் பின்னால் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போயிற்று. ஒரு குழந்தை அழுதது.

"என்ன சத்தம் அங்க? டிவியா?"

கேட்டுக்கொண்டே போன் திரையைப் பார்த்தார். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"டிவி ஓடுது, இங்க யூனிட் ஏறலையே."

அவர் புத்தி எங்கெங்கோ போயிற்று. கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டாளா? வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாளா? இத்தனை நாளும் தன்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு முகமே சிவந்துவிட்டது.

"நீ இப்ப எங்க இருக்கே?"

வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்டவற்றில், கரண்ட்டைப் பற்றி இல்லாத முதல் கேள்வி அது.

"ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியிலயா? யாருக்கு என்ன?"

"எனக்குத்தாங்க. வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. மாடி வீட்டு அக்காதான் கூட்டிக்கிட்டு வந்து சேர்த்தாங்க. கையெழுத்தும் அவங்கதான் போட்டாங்க."

வெல்டர் கட்டிலைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் யூனிட்காரர்.

"தினம் சொல்லத்தாங்க வந்தேன். நீங்க ஹீட்டரைக் கேட்டீங்க, லைட்டைக் கேட்டீங்க. படுத்துக்கிட்டே பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஸ்பீக்கரை நிறுத்துவதற்காகத் திரையை அங்கும் இங்கும் தடவினார். எந்த இடத்தில் அமுக்கவேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. கொஞ்ச நாளைக்கு வெந்நீர்லதான் குளிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. யூனிட் ஏறும். அதைக் கேட்க நீங்க போன் பண்ணவேண்டாங்க, இப்பவே சொல்லிட்டேன்."