மாசிலாமணியின் பயனெட்

உறையிலிருந்து உருவியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தகடு. அதில் தேய்ந்துபோன எழுத்துகள். யு.எஸ். எம்5.

கூடம் முழுக்க ஆட்கள். வியாசர்பாடி மாசிலாமணிக்கு அன்று எண்பதாவது பிறந்தநாள். பேரன் பேத்திகள், சம்பந்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். கேக் வெட்டிய கையோடு பெட்டியைத் திறந்து துப்பாக்கி முனையில் மாட்டும் அந்தப் பயனெட்டை எடுத்து வந்திருந்தார்கள்.

அதன் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பர்மாவில் குண்டு விழுந்தபோது காடும் மலையும் நடந்து அஸ்ஸாமுக்கு வந்து சேர்ந்த பையன். அங்கே அமெரிக்கப் பட்டாளத்தின் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவினான். ஊருக்குக் கிளம்பிய நாளில் வால்டர் என்ற சிப்பாய் தன் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

"சார் வீட்டுல சுவர் பூரா அமெரிக்கா பயனெட்தான். பார்த்தவுடனே வருசத்தைச் சொல்லிடுவாரு," என்று மாசிலாமணியின் மருமகன் அவனை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார்.

அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது.

நல்ல பொருள் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"இது ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்சு ஏழெட்டு வருசம் கழிச்சு செஞ்சது. கொரியாவுல சண்டை நடந்தப்ப வந்த மாடல். ஐயாவுக்கு அப்போ இது கிடைச்சிருக்கவே முடியாது."

யாரோ சிரித்தார்கள்.

"தாத்தா, செம ரீல் விட்டிருக்கீங்க!" என்றாள் ஒரு பேத்தி. செல்லமாகத்தான்.

மாசிலாமணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அலகை மெதுவாக உறைக்குள் தள்ளினார்.

அவர் மகன் தனசீலன் ஐஸ்கிரீம் எடுத்து வர உள்ளே போய்விட்டார்.

*

அன்று போனில் எடுத்த படங்கள், வெகுநாள் கழித்து வேறெதையோ தேடும்போது கண்ணில் பட்டன.

உறை.

பச்சை உறை. வாய்ப்பகுதியில் எம்8 என்ற முத்திரை. பின்னாளில் வந்த உறைகளில் பெல்ட்டில் மாட்ட ஒரு கம்பிக் கொக்கி இருக்கும். இதில் இல்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே செய்த உறை. சந்தேகமே கிடையாது.

கத்தியைத் தனியாகப் பார், உறையைத் தனியாகப் பார். சேகரிக்கத் தொடங்கியபோது அவன் கற்ற முதல் பாடம் அது. அன்று கத்தியோடு நிறுத்திக்கொண்டான். கேட்பதற்கு அத்தனை பேர் இருந்தார்கள்.

*

அவன் மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தனசீலன், உறை என்ற சொல்லைக் கேட்டதுமே துணியைக் கீழே போட்டார்.

"நான்தான் சார் மாத்தினேன். காலேஜ் படிக்கிறப்போ. தேங்கா உரிக்கப் போயி முனை ஒடிஞ்சிடுச்சு. மூர் மார்க்கெட்ல அதே மாதிரி ஒண்ணு கிடைச்சுது. வாங்கி உறையில சொருகிட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"வாய் வரைக்கும் வந்துச்சு சார். பசங்கல்லாம் இருந்தாங்க." குனிந்து துணியை எடுத்தார். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அவன் மட்டும் உள்ளே போனான்.

மாசிலாமணி டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். உறை சண்டைக் காலத்து உறைதான். கத்திதான் நடுவுல எங்கேயோ மாறியிருக்கு. பிள்ளைங்ககிட்ட நானே வந்து சொல்றேன்."

அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"எங்கேயோ இல்ல தம்பி. இந்த வீட்டுலதான்."

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வால்டர் கையால குடுத்தது. முப்பது வருசம் எங்கூட இருந்த பொருள். மாறினா தெரியாதா?"

"அப்போ... அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ..."

"தனசீலன் பிள்ளைங்க உக்காந்திருந்துச்சே."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம்."

"ஐயா, உங்களைப் போயி நான்..."

"மெதுவா பேசுங்க தம்பி."

மன்னிப்பைக்கூட அவன் மெதுவாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது, தனசீலன் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா என்ன சொன்னாரு சார்?"

அவன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தான்.

"ஒண்ணும் சொல்லல."