தெருமுனை வரைக்கும்தான்

நர்ஸ் செலஸ்டினா எத்தனை தடவை அதட்டியும் ஓட்டுநர் இல்லாமல் தானாகவே ஓடும் அந்த அரசு ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டவில்லை. தெருவுக்குள் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு செய்வார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மக்களின் வரிப்பணத்தில் ஓடும் வண்டி போகக் கூடாது என்பது சட்டம்.

வண்டிக்குள் பொன்மலர் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாள். ஐந்து மாதக் குழந்தை வயிற்றிலேயே இறந்து, இரத்தம் போய்க்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் அதை எடுக்கத் தெரிந்த டாக்டர் ஒருவரும் இல்லை. அந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அரசு பணத்தை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று.

“செத்த பிள்ளைய எடுக்கறதுக்குமா சட்டம்?” என்று கேட்டான் அவள் கணவன் இருதயராஜ்.

“வண்டிக்கு அதெல்லாம் தெரியாதுப்பா,” என்றாள் செலஸ்டினா. ஸ்ட்ரெச்சரையும் வண்டி கழற்றவிடாமல் பூட்டி வைத்திருந்தது. அவள் இறங்கிப் போய், தெருமுனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரை அறுத்து இழுத்தாள். ‘வரிப்பணத்தைக் காத்த தலைவருக்கு நன்றி’ என்று போட்டிருந்த அதில் பொன்மலரைக் கிடத்தி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் செலஸ்டினா வெளியே வந்தாள். வாசலில் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பேனரைத் தரையில் விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா இது, தலைவர் மூஞ்சியெல்லாம் ரத்தமாக்கி வச்சிருக்கீங்க,” என்றான் ஒருவன். யாருடைய இரத்தம் என்று அவன் கேட்கவில்லை.

அவர்கள் துடைத்து முடித்திருந்த இடமாகப் பார்த்துச் செலஸ்டினா காறித் துப்பிவிட்டு நடந்தாள்.