பக்கத்துக் கை

அலெக்சாந்திரியா கோளரங்கத்தில் வெள்ளிக்கிழமைக் காட்சி இலவசம். இன்ஷிராஹ் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. அவள் மகள் நிஹால் ஏறிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து இங்கே வரும் வழியில்தான் கவிழ்ந்தது. ஒரு குழந்தையும் வந்து சேரவில்லை.

காட்சி நடத்தும் வஜ்தி, விளக்கை அணைக்குமுன் எப்போதும் சொல்வதையே சொன்னார்: “பயந்தாங்கொள்ளிங்க எல்லாம் பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக்குங்க. கத்தினீங்கன்னா நட்சத்திரம் ஓடிப்போயிடும்!”

இன்ஷிராஹ் தன் இருபுறமும் நாற்காலிகளைக் காலியாக விட்டிருந்தாள். இருட்டியதும் இரண்டு கைகளையும் அவற்றின் மேல் விரித்து வைத்தாள். நிஹாலுக்கு இருட்டென்றால் உயிரே போய்விடும்.

முன்வரிசையில் ஒரு பெண் தன் புருஷனிடம் கிசுகிசுத்தாள்: “யாரு பெத்த பிள்ளையோ, என் கையை விடவே மாட்டேங்குது.”

“அந்த சீட்டு காலியால்ல இருந்துச்சு?”

போன வாரம் பின்வரிசையில் ஒரு கிழவர் இதையேதான் சொன்னார். அன்றைக்கு இன்ஷிராஹ் மகள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினாள். உடனே விளக்கைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அவள் அசையவில்லை.

“அழாதே கண்ணு,” என்றாள் முன்வரிசைப் பெண். “விளக்கு வரட்டும், உங்கம்மாவைத் தேடிப் பிடிச்சிடலாம்.”

விளக்கு வந்தது. அந்தப் பெண்ணின் கை மட்டும், காலி நாற்காலியின் மேல், இன்னும் எதையோ இறுகப் பிடித்தபடி இருந்தது.